சாரல் காலத்தில் ஒரு பச்சை லாரி

குற்றாலநாதர் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. பிளாஸ்டிக் மாடல்களுக்கு ஸ்ப்ரே அடிக்கும் தொழிலில் அடிப்பது மட்டும்தான் நம் கையில். காயவைப்பது காற்றும் வெயிலும். தென்காசியில் அவை யார் பேச்சையும் கேட்பதில்லை என்பது, டப்பா அமுக்கி விரல் மரத்துப்போன உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

அப்பளம்

செல்லத்துரை கேரளாவுக்குக் காய்கறி ஓட்டிய பச்சை லாரியை, மனைவி பகவதியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விற்றுவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் சோறு வரும், பேச்சு வராது. அதே பச்சையில் சின்ன மாடல் லாரி ஒன்று செய்து கொடுத்தால் மனசு இளகுமோ என்று என்னிடம் வந்தார்.

அந்தப் பச்சை, கார் பெயின்ட் விற்கும் கடையில்தான் கிடைத்தது. அடிப்பூச்சாகப் பிரைமர் அடிக்காமல் நேரே அடித்தேன். கேபின் கூரை, எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி நெளிந்து சுருண்டது. பெயின்ட் பிளாஸ்டிக்கைத் தின்னும் என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன். செல்லத்துரை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அண்ணாச்சி, நான் வண்டிய வித்தேன். கவுக்கல."

குரங்கு

புதுக் கேபின் மாட்டி, மாடலுக்கென்றே உள்ள பச்சையை வரவழைத்தேன். டப்பாவைக் குலுக்கினால் உள்ளே குண்டு கடகடக்குமே, அதைக் கொட்டை என்று நினைத்து ஒரு குரங்கு பிடுங்கிக்கொண்டது. மொட்டை மாடிச் சுவரில் உட்கார்ந்து, பொழுது சாய்கிறவரை குலுக்கிப் பார்த்துவிட்டுப் போட்டுவிட்டுப் போனது. அவ்வளவு நன்றாகக் கலந்த பெயின்டை நான் பார்த்ததேயில்லை.

ஆனால் சாரல் பிடித்திருந்தது. அடித்த பச்சை, காயக் காய பால் தெளித்தாற்போல் வெளுத்தது. ஈரம் எந்த வழியாக உள்ளே போனது என்று லென்ஸ் வைத்துத் தேடிக்கொண்டிருந்தேன். செல்லத்துரை வந்து எட்டிப் பார்த்தார். "லாரி கேட்டா திருநீறு பூசிக் குடுக்கீய. நான் சாமியாராப் போகப்போறேன்னுல்லா நெனைப்பா."

கத்தரிக்காய்

ஈரமில்லாத இடம் தேடி, லாரியை மடியில் வைத்துக்கொண்டு கிழக்கே போகும் பஸ்ஸில் ஏறினேன். ஓரிடத்தில் பஸ்ஸின் முன்பாதி வெயிலிலும் பின்பாதி மழையிலும் போனது. டிரைவர் வைப்பரை நிறுத்துகிறார், பின்சீட்டில் ஜன்னலை மூடுகிறார்கள்.

பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் சுள்ளென்று வெயில். அதே பச்சையை மறுபடி லேசாக அடித்தேன். வெளுப்பு போன இடம் தெரியவில்லை. ஒரு வியாபாரி ஓடிவந்தார். "அண்ணாச்சி, அங்கன தள்ளிப்போயி அடிங்க. கத்தரிக்காயில பட்டுச்சுன்னா, கலரடிச்சு விக்கோம்னு எங்களப் பிடிச்சுட்டுப் போயிருவாவ."

பகவதி

அன்று சாயங்காலமே கொண்டுபோய்க் கொடுத்தேன். செல்லத்துரை கதவோரம் நின்றுகொண்டார். பகவதி சக்கரத்தை உருட்டிப் பார்த்தார், கேபினுக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார், பிறகு லாரியை பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகியபடி புருஷன் பக்கம் திரும்பினார். "இதையாவது என்னக் கேக்காம வித்துராதீய."

பெயின்ட் காய எவ்வளவு நேரமாகும் என்று டப்பாவிலேயே போட்டுவிடுகிறார்கள், பெண்டாட்டி கோபத்துக்குத்தான் யாரும் போடுவதில்லை. இதை உங்களுக்கு யார் சொன்னது என்று யார் கேட்டாலும் என் பேரை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.