திரும்பி வந்த மாம்பழம்

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இப்போது அக்காவின் முகம் சினிமா பேனரில் தென்னை மர உயரத்துக்கு நிற்கிறது. ஆட்டோக்காரர்கள் வெளியூர்ப் பயணிகளுக்கு, "நம்ம காரைக்கால் பொண்ணு" என்று கை நீட்டிக் காட்டுகிறார்கள். பெரியப்பா மகள் என்பதால் அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் இதே ஊர் அவளைக் கரித்துக் கொட்டிய ஒரு நாளை நான் மறக்கவில்லை. அப்போது எனக்கு எட்டு வயது.

கல்லூரி முடித்த கையோடு நடிக்கப் போகிறேன் என்று அக்கா சென்னைக்குக் கிளம்பியபோது, பெரியப்பா ஒரு கெடு வைத்தார். அடுத்த மாங்கனித் திருவிழாவுக்குள் பெயர் எடுக்க வேண்டும். இல்லையென்றால் பேசாமல் வந்து பி.எட். சேர்ந்துவிட வேண்டும். அவர் சொன்னால் சொன்னதுதான்.

அக்காவுக்குக் கிடைத்தது ஒரு டிவி சீரியலில் வில்லி வேடம். மாமியாரைக் கொட்டும் மழையில் வாசலுக்கு வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தும் மருமகள். நாங்கள் எல்லோரும் வாய் பிளந்து பார்ப்போம். பெரியப்பா மட்டும் அந்த நேரத்தில் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வார். காலையிலேயே ஒருமுறை படித்து முடித்த பேப்பர்.

கெடு முடியும் திருவிழாவுக்கு அக்கா வந்து சேர்ந்தாள். மகள் நன்றாக வரவேண்டுமென்று பெரியம்மா ஒரு கூடை மாம்பழம் வேண்டிக்கொண்டிருந்தாள். சாமியின் சப்பரம் வீட்டைக் கடந்ததும் மாடியிலிருந்து பழங்களை வீச வேண்டும். தெருவில் நிற்பவர்கள் முந்தானையையும் துண்டையும் விரித்துப் பிடிப்பார்கள். அந்தத் தள்ளுமுள்ளில் செருப்பைத் தொலைத்தவர்கள் உண்டு. பழம் வேண்டாம் என்று சொன்னவர்களை அதுவரை நான் பார்த்ததில்லை.

அக்கா முதல் பழத்தை வீசினாள். கருக்களாச்சேரியிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் அதை முந்தானையில் லாவகமாக வாங்கிக்கொண்டு, வீசியது யார் என்று நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான், முகம் மாறிவிட்டது.

"ஏ, அந்த மருமவடி இது! மாமியாள மழையில நிறுத்துன கையி போட்ட பழம் எம் புள்ளைக்கு வேணாம்டி அம்மா!"

சொன்னதோடு விடாமல் பழத்தை மாடிக்கே திருப்பி எறிந்தாள். அது அக்காவின் காலடியில் வந்து விழுந்தது. பக்கத்தில் நின்ற பெண்களும் விரித்த முந்தானையை மடக்கிக்கொண்டார்கள்.

பெரியம்மா முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு ஆத்திரத்தில் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கைப்பிடிச் சுவரில் எம்பி, "அது நடிப்பு! எங்க அக்கா ரொம்ப நல்லது!" என்று கத்தினேன். நாதஸ்வரச் சத்தத்தில் யார் காதில் விழும்?

அக்கா குனிந்து, ஒரு பக்கம் நசுங்கிப்போன அந்தப் பழத்தை எடுத்தாள். இரண்டு கையாலும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. மிச்சப் பழங்களைப் பெரியம்மாவே வீசினாள். அவற்றுக்குத் தெருவில் பழையபடி அடிபிடி.

பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா தொண்டையைச் செருமினார்.

"அந்த மழை சீன்ல நீ கொஞ்சம் ஓவராத்தான் போயிட்ட."

பேப்பருக்குப் பின்னாலிருந்து மழை எப்படித் தெரிந்தது என்று அவரைக் கேட்க எங்களில் யாருக்கும் துணிச்சல் இல்லை.

மறுநாள் காலை பெரியப்பா அக்காவின் பெட்டியைத் தானே தூக்கி வந்து ஸ்கூட்டரில் வைத்தார். சென்னை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவசரப்படுத்தினார். ஊர் முன்னால் மானம் போனதால் மகளை வீட்டைவிட்டே துரத்துகிறார் என்று நினைத்தேன். ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டேன்.

"அக்காவ வெரட்டாதீங்க பெரியப்பா! அது இங்கயே இருந்து படிச்சு டீச்சராயிடும்!"

"டீச்சரா? இவளா?" என்று பெரியப்பா வாய்விட்டுச் சிரித்தார்.

அக்கா என் கண்ணைத் துடைத்துவிட்டு ஸ்கூட்டரில் ஏறினாள். அவள் மடியில் இருந்த கைக்குட்டையில் அந்த நசுங்கிய பழம் பத்திரமாக இருந்தது. தெருமுனை திரும்பும்வரை இருவருக்கும் வாயெல்லாம் பல். ஊரே திட்டிய மறுநாள் ஓர் அப்பாவும் மகளும் எதற்காக இப்படிச் சிரித்துக்கொண்டு போகிறார்கள் என்று, வாசலில் நின்று தேம்பிக்கொண்டிருந்த எனக்கு விளங்கவே இல்லை.