முதலில் இறங்கித் தோற்றவள்

எங்கள் வீட்டில் அதைச் சீட்டு என்று யாரும் சொல்வதில்லை. கார்டு என்றுதான் சொல்வோம். சீட்டு என்றால் பணம் வைத்து ஆடுவது என்று என் மாமி நினைத்துவிடுவார். பிறகு அவர் எதிரில் போனை எடுக்கவே முடியாது. இதில் காசு கிடையாது. போனுக்குள் யானை, கருடன், இடி என்று படம் போட்ட கார்டுகள் இருக்கும். ஒரு கார்டை இறக்கினால் எதிராளியின் உயிர் குறையும். உயிர் தீர்ந்தவர் தோற்றவர்.

இதை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் என் கணவர். ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனியில் மிஷின் பார்க்கிறார். மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் கிடக்கும்; ஐஸ் கேட்டு யாரும் வரமாட்டார்கள். அப்படி ஓய்ந்திருந்த ஒரு கோடையில், அவரும் படகில் வேலை பார்க்கும் என் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்து ஆட ஆரம்பித்தார்கள். நான் நர்சரிப் பள்ளியில் யு.கே.ஜி. டீச்சர். எனக்கும் விடுமுறைதான். முதலில் பின்னால் நின்று பார்த்தேன். பிறகு அவர் தூங்கும்போது அவர் போனிலேயே ஆடினேன். பள்ளி திறப்பதற்குள் இரண்டு பேரையும் தோற்கடித்திருந்தேன். அதன் பிறகு மூவரும் ஒரே அணி.

தமிழ்நாடு முழுக்க இதை ஆடுகிறவர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். அவர்கள் நடத்திய போட்டியில் நாங்களும் பெயர் கொடுத்தோம். ஆரம்பச் சுற்றுகளில் எங்களுக்குச் சிரமமே இல்லை. மூவரிடமும் தங்க விளிம்பு போட்ட யானை இருந்தது. அடி வாங்கினால் உயிரை ஏற்றிவிடும் வைத்தியர் கார்டும் இருந்தது. யானையை நிறுத்தி, வைத்தியரைப் பின்னால் வைத்துக்கொண்டால் போதும். என் தம்பி இறுதிப் போட்டியைப் பற்றியே பேச ஆரம்பித்துவிட்டான்.

அரையிறுதிக்கு முன்னால் விதியை மாற்றினார்கள். தங்க விளிம்பு கார்டுகள் கூடாது. வைத்தியர் கூடாது. மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே கட்டு, முப்பது கார்டு. அதிலிருந்து யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் ஒருவர் இறக்கிய கார்டு அந்த அணிக்கு அதோடு போயிற்று, அடுத்தவர் அதைத் தொட முடியாது. ஜெயித்தவர் மிச்ச உயிரோடு அப்படியே நின்று எதிரணியின் அடுத்த ஆளோடு மோத வேண்டும். எந்த அணியில் மூன்று பேரும் விழுகிறார்களோ அது வெளியே.

தம்பிக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். நம்மை விரட்டத்தான் இப்படி விதி போட்டிருக்கிறார்கள் என்றான். விலகிவிடலாம் என்றான். கணவர் நிதானமானவர். ஆளுக்குப் பத்தாகப் பிரித்துக்கொள்வோம், நல்லதும் சுமாருமாகக் கலந்து எடுப்போம் என்றார். அப்படியே பிரித்துப் பழகினோம். பழகிய ஆட்டம் எல்லாவற்றிலும் தோற்றோம். முதலில் இறங்குகிறவர் பதற்றத்தில் தன் பங்கையும் தாண்டிக் கட்டிலிருந்து இழுத்துவிடுவார். கடைசியில் வருகிறவருக்கு ஒன்றும் இருக்காது.

அந்த வாரம் பள்ளியிலிருந்து வந்ததும் நான் தனியாக உட்கார்ந்து, நாங்கள் ஒருநாளும் எடுக்காத கார்டுகளைப் பார்த்தேன். எறும்பு, மூடுபனி, சேற்றுக்குழி, மண்சுவர். அடிப்பதற்கு எதுவும் உதவாது. மூடுபனி போட்டால் எதிராளியின் அடி ஒருமுறை தவறும். சேற்றுக்குழி அவனைத் தாமதிக்க வைக்கும். மண்சுவரை இடிக்கப் பெரிய கார்டாக ஒன்று வேண்டும். பார்த்துக்கொண்டே இருந்தபோது எனக்குச் சட்டென்று விளங்கியது. எங்களுக்கு ஒரே கட்டு என்றால் எதிரணிக்கும் ஒரே கட்டுதானே. அவர்களுடைய முதல் ஆள் எவ்வளவு பெரிய கார்டுகளை இறக்குகிறானோ, அவ்வளவும் அவன் பின்னால் நிற்கிற இரண்டு பேருக்கும் இல்லை.

கணவர் வந்ததும், தம்பியையும் வைத்துக்கொண்டு சொன்னேன். நல்ல கார்டு ஒன்றைக்கூட நான் தொடமாட்டேன். முதலில் இறங்குவேன், இந்த உதவாக்கரைகளை வைத்துக்கொண்டு ஆட்டத்தை இழுத்தடிப்பேன், தோற்பேன். அதற்குள் அவர்கள் கட்டு காலியாகியிருக்கும். பிறகு தம்பி, கடைசியில் நீங்கள்.

அவருக்குப் பிடிக்கவில்லை. ஆட்டத்தைக் குழுவில் எல்லோரும் போனில் பார்ப்பார்கள், அதற்குக் கீழேயே கேலியாக எழுதுவார்கள்.

"ஒன்னயத் தோக்க விட்டுட்டு நாங்க ஜெயிக்கணுமா?" என்றார்.

"தோக்குறது யாராலயும் முடியுங்க. சீக்கிரம் தோத்துறாம இருக்கணும்ல, அது ஒங்க ரெண்டு பேருக்கும் வராது" என்றேன்.

தம்பி சிரித்துவிட்டான். அவருக்கும் சிரிப்பு வந்தது. அதோடு முடிவாயிற்று.

ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அஸர் தொழுகைக்குப் பிறகு. சனிக்கிழமை கடலுக்குப் போன படகுகள் ஞாயிறு காலையில் திரும்பிவிடும். அன்று தம்பியின் படகு வரவில்லை. அப்படி ஒரு படகு தாமதித்தால், இலங்கை நேவி பிடித்துவிட்டதோ என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் ஒரே நினைப்புதான் வரும்; யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். நான் போனைக் கையில் வைத்திருந்தேன், அவன் பெயர் அதில் தெரிகிறதா என்று பார்க்க மட்டும். மதியம் லுஹர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் கணவர் துறைமுகத்திலிருந்து கூப்பிட்டார். இன்ஜினில் கோளாறாம், இன்னொரு படகு கட்டி இழுத்து வந்துவிட்டதாம். தம்பி வந்து குளித்துச் சாப்பிட்டான். லாத்தா, அரை மணி நேரம் தூங்கிக்கிறேன் என்று படுத்தான்; அக்காவான என்னை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். எழுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

மொட்டை மாடியில்தான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் பாய் விரித்து மூவரும் உட்கார்ந்தோம். எதிரணி திருச்சிப் பையன்கள், கல்லூரி மாணவர்கள். தங்களில் கெட்டிக்காரனையே முதலில் இறக்கியிருந்தார்கள். ஒரே ஆளாக மூவரையும் வாரிவிடலாம் என்ற நம்பிக்கை.

நான் எறும்பை இறக்கினேன். அவன் ஒரு வேட்டைநாயை விட்டான். மூடுபனி போட்டேன், நாய் தவறியது. மண்சுவர் வைத்தேன். அவனுக்குப் பொறுமை போய்விட்டது. இடியை இறக்கிச் சுவரை உடைத்தான். நான் இன்னொரு சுவர் வைத்தேன். கருடன் வந்தது. கீழே எழுத்துகள் ஓடின. இவங்க எப்படி அரையிறுதிக்கு வந்தாங்க என்று ஒருவர். தூக்கம் வருது என்று இன்னொருவர். கணவர் அதைப் படித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ஒவ்வொரு பெரிய கார்டு விழும்போதும் உள்ளுக்குள் மகிழ்ச்சி பொங்கியது. யு.கே.ஜி.யில் நாள் முழுக்க இருக்கிறவளுக்குப் பொறுமையைப் பற்றி யார் சொல்லித்தர வேண்டும்? என் உயிர் நூல் அளவுக்கு வந்தபோதும், அவனிடம் எரிமலை ஒன்று பாக்கியிருந்தது. கடைசிச் சேற்றுக்குழியைப் போட்டேன். காத்திருக்கப் பொறுக்காமல் அவன் எரிமலையையும் இறக்கினான். நான் விழுந்தேன்.

"முடிஞ்சு போச்சு, நீ ஏறுடா" என்றேன்.

தம்பி ஏறினான். முதல் பையனுக்கு இறக்கப் பெரிய கார்டு ஒன்றுமே இல்லை. இரண்டே அடியில் போனான். இரண்டாமவன் எலியையும் காக்கையையும் வைத்துக்கொண்டு தடுமாறி விழுந்தான். அப்போதுதான் கீழே ஓடிய எழுத்துகள் மாறின. அந்த முதல் ஆள் வேணும்னே பண்ணிருக்காங்கப்பா என்று யாரோ கண்டுபிடித்து எழுதினார்கள். ஆட்டம் கைக்கு வந்துவிட்ட துடிப்பில் தம்பி எங்கள் கருடனையும் இடியையும் வீணாக்கிவிட்டு மூன்றாமவனிடம் விழுந்தான். கணவருக்கு மிச்சம் இருந்தது ஒரு காட்டெருமையும் ஒரு வேலும். மிஷினுக்கு எண்ணெய் விடுவதுபோல அவசரமில்லாமல் யோசித்து, வேல் கார்டை முதலில் விட்டு, எருமையைக் கடைசியில் இறக்கினார். ஜெயித்தோம்.

திருச்சிப் பையன் ஒருவன் குழுவில் எழுதியிருந்தான். முதல்ல இறங்குன அண்ணனுக்கு வாழ்த்துகள், எங்களைச் சுரண்டி எடுத்துட்டார் என்று. அண்ணன் இல்ல, எங்க லாத்தா என்று தம்பி பதில் போட்டான். போடும்போது அவன் தோள் நிமிர்ந்ததை நான் பார்த்தேன்.

இறுதிப் போட்டியில் நாங்கள் ஜெயிக்கவில்லை. எதிரணியும் மண்சுவரோடு ஒருவரை முதலில் இறக்கியது. அவரும் நானும் ஒருவர் கட்டை ஒருவர் கரைத்துக்கொண்டே கிடந்தோம். அவர்களுடைய ஆள் என்னைவிடக் கொஞ்சம் அதிகம் தாங்கினார். இரண்டாம் இடம்தான். ஆனாலும் அந்த விதி இருந்தவரைக்கும் எல்லா அணியும் அப்படித்தான் ஆடியது. குழுவில் அதற்கு டீச்சர் ஆட்டம் என்று பெயரே வைத்துவிட்டார்கள். என் தம்பிதான் என் வேலையைச் சொல்லியிருக்க வேண்டும்.

கணவர் இதை ஐஸ் ஏற்ற வரும் லாரி டிரைவர்களிடம் எல்லாம் சொல்கிறார். நான் எத்தனை சுவர் வைத்தேன், எப்படி விழுந்தேன் என்று கையை ஆட்டி விளக்குவாராம். ஒருநாள் பிள்ளையைக் கூப்பிட வந்த ஒரு தாய், வாசலில் தயங்கி நின்று, "டீச்சர், நீங்க என்னமோ போட்டியில தோத்தீங்களாமே, லாரி ஓட்டுற எங்க வீட்டுக்காரருகிட்ட ஒங்க வீட்டுக்காரரு பெருமையாச் சொன்னாராம்" என்றார். ஆமாங்க, தோத்தேன் என்றேன். அன்று பிள்ளைகளை வரிசையாக வேனில் ஏற்றிவிடும்போது, என் குரல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஓங்கித்தான் ஒலித்திருக்கும்.