முதலாளியின் ஈரலும் மாட்டுப் பித்தமும்

எனக்கு வயது எழுபத்து நான்கு. பெற்றது நான்கு பிள்ளைகள். மௌத்தாகிப்போன தங்கச்சி விட்டுச் சென்ற இரண்டு பேரையும் சேர்த்து வளர்த்தது ஆறு. ஆறு பேரும் சாப்பிட்டது, கல்முனைப் பக்கத்து மாட்டிறைச்சிக் கடையொன்றின் பின்பக்கத்தில் நான் குடலும் ஈரலும் கழுவிய உழைப்பில். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு நின்றது. எழுத்து மெதுவாகத்தான் வரும். எனக்கும் அவசரம் இல்லை. இப்போது இறைச்சிக் கடைகளில் வேலைக்கு நிற்கும் பிள்ளைகள் வாசிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

முதலாளியின் பெயரை மட்டும் எழுத மாட்டேன். ஏன் என்று கடைசியில் தெரியும்.

முதல் நாள்

மடுவத்தில் அறுத்த மாடு விடியும்போது கடைக்கு வந்துவிடும். இறைச்சி முன்பக்கம் தொங்கும். உள்ளே இருந்த சாமான் எல்லாம் பின்பக்கத் தகரக் கொட்டிலுக்கு, என்னிடம் வரும். கடல் காற்று உள்ளே அடிக்கும். உப்பும் இரத்தமும் சுடுதண்ணீர் ஆவியும் கலந்த வாசம். இன்றைக்கும் மழைக்கு முன்னால் காற்று எழும்பினால் அந்த வாசம் எனக்கு வரும்.

ஈரலோடு பித்தப்பை ஒட்டிக்கொண்டிருக்கும். பச்சைத் தண்ணீர் நிறைந்த பை. அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். நான் வீட்டில் கோழி துப்புரவாக்கிய பழக்கத்தில் பிடித்து இழுத்தேன். பை கிழிந்து, பச்சைநீர் ஈரல் முழுக்க ஓடியது. முதலாளி ஓடி வந்தார். அப்போது அவர் இளந்தாரி; மரியாதைக்கு அண்ணன் முறை வைத்துக் காக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"என்ன புள்ள செஞ்ச? இத நாயும் தின்னாதே!"

"கழுவினாப் போகாதா காக்கா?"

"கடலையே அள்ளி ஊத்தினாலும் கசப்புப் போகாது. இஞ்ச பாரு."

கத்தியை வாங்கினார். இன்னொரு ஈரலை எடுத்து, பையைத் தொடாமல், அதைச் சுற்றி ஒரு விரல் அகலம் ஈரலையும் சேர்த்தே அறுத்து எடுத்தார்.

"ஈரல்ல கொஞ்சம் போனாப் போகட்டும். அந்தக் கொஞ்சத்தக் காப்பாத்தப் போனா முழுசும் போயிரும்."

அதற்குப் பிறகு என் கையில் ஒரு பை கிழிந்ததில்லை. ஹஜ்ஜுப் பெருநாளில் மாடு அறுத்துக் குர்பான் கொடுத்த வீட்டுக்காரர்கள் ஈரலைத் தட்டில் வைத்து மூடிக்கொண்டு என்னைத் தேடி வருவார்கள். பெரிய வீட்டுப் பெண்களும்தான்.

பித்தம் வாங்க வந்தவர்

பித்தநீரை நாங்கள் மண்ணில் குழி வெட்டி ஊற்றி மூடுவோம். ஒருமுறை கொழும்பிலிருந்து ஒருவர் கேன்களோடு வந்தார். பித்தத்தைச் சேர்த்து ஐஸில் வைத்துத் தரச் சொன்னார். மருந்து செய்யிற ஆட்களுக்கு அனுப்புவதாம்.

"நாம ஊத்துற ஊத்தைய கொழும்பான் மருந்தெண்டு குடிக்கான் போல" என்று முதலாளி சிரித்தார். அந்த மனிதர் கொஞ்சக் காலம் வந்தார், பிறகு வரவில்லை. நாங்களும் பழையபடி குழி வெட்டினோம்.

தையற்காரரைப் பற்றிய பேச்சு

கடைக்குப் பக்கத்தில் ஒரு தையற்காரர் இருந்தார். தொழுகை தவறாத மனிதர். வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி மௌத்தானார். ஈரலில் நோய், ஈரல் வருத்தம் என்றார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை கடையில் நல்ல சனம். முதலாளி இறைச்சி வெட்டிக்கொண்டே சொன்னார்:

"குடியாம ஈரல் கெடுமா? மறைச்சு மறைச்சுக் குடிச்சிரிப்பான்."

எல்லோரும் சிரித்தார்கள். வரிசையில் நின்ற தையற்காரரின் தம்பி இறைச்சி வாங்காமல் திரும்பிப் போனார். கொட்டில் வாசலில் நின்று நான் அதைப் பார்த்தேன். அவர் அதற்குப் பிறகு எங்கள் கடைக்கு வரவில்லை.

முதலாளியின் ஈரல்

வருடங்கள் போயின. முதலாளி ஹாஜியார் ஆனார், பள்ளிவாசல் நிர்வாகத்திலும் இருந்தார். வயிறும் வளர்ந்தது, சீனி வருத்தமும் வந்தது. ஒருநாள் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார். கேஸ்ட்ரிக் என்று சொன்னார்கள். அவருடைய மனைவி என் வீட்டுக்கு வந்து அழுதார்.

"ராத்தா, ஸ்கேன் எடுத்த. ஈரல்ல கொழுப்புக் கட்டி இறுகத் தொடங்கிட்டாம். மறுகா கிளினிக்குக்கு வரமாட்டன் எண்டு நிக்காரு."

"ஏன்கா?"

"சனம் நோய் விசாரிக்க வருமே, என்ன வருத்தமெண்டு சொல்லுற எண்டு கேக்காரு. இப்படியே உட்டா வயித்துல தண்ணி கட்டுமெண்டு டொக்டர் சொன்ன."

அவர் பயந்தது ஊரின் வாய்க்கு. அந்த வாய்க்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

எனக்கும் சீனி. அந்த மாதம்தான் எனக்கும் ஸ்கேன் எடுத்து, ஈரலில் கொழுப்பு என்று சொல்லியிருந்தார்கள். முக்காட்டைப் போட்டுக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போனேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"காக்கா, எனக்கும் ஈரல்ல கொழுப்பாம்."

திரும்பினார். "உனக்கா?"

"ஓம். நானும் மறைச்சு மறைச்சுக் குடிச்சிரிப்பன் போல."

வயிறு குலுங்கச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"அண்டைக்கு அந்தத் தம்பிக்காரன் வரிசையில நிண்டவன்" என்றார். எழும்பி உட்கார்ந்தார். பிறகு, "சனம் என்ன நம்புமா புள்ள?" என்று கேட்டார்.

"பேர்ல கொஞ்சம் போனாப் போகட்டும் காக்கா. அந்தக் கொஞ்சத்தக் காப்பாத்தப் போனா முழுசும் போயிரும். நீங்க படிப்பிச்சதுதானே."

கிளினிக்கில்

அடுத்த கிளினிக் நாளில் முதலாளியும் மனைவியும் நானுமாக மூன்று பேரும் ஒரே திரீவீலில் போனோம். டொக்டர் காரைதீவுப் பெண்பிள்ளை, சின்ன வயது.

"இதுக்கு மருந்து, குளிசை ஒண்டும் இல்லையா மகள்?" என்று முதலாளி கேட்டார்.

அந்தப் பிள்ளை பொறுமையாகச் சொன்னது. "பித்தம் கொழுப்பைக் கரைக்கிறதோட நிக்கிறதில்ல ஹாஜியார். அதுக்குள்ள இருக்கிற அமிலம் ஈரலுக்குத் தகவலும் சொல்லும். ஈரல்ட கலத்துக்குள்ள, நடுக்கருவில, பூட்டு மாதிரி ஒண்டு இருக்கு. எஃப்.எக்ஸ்.ஆர் எண்டு பேர். பித்த அமிலம்தான் அதுக்குச் சாவி, திறப்பு. திறந்தா, பித்தம் செய்தது போதும், கொழுப்புக் கட்டினது காணும் எண்டு ஈரலுக்கு விளங்கும். அந்தத் திறப்பை இன்னும் பலமாச் செய்து குளிசையாக் குடுத்துப் பார்த்தவங்க. சிலருக்கு ஈரல்ல தழும்பு குறைஞ்சது. ஆனா உடம்பெல்லாம் சொறியிற கடி, கெட்ட கொழுப்பும் ஏறினது. உங்கட வருத்தத்துக்கு அதுக்கு அனுமதி கிடைக்கல்ல. வேற மாதிரித் திறப்புகள் இப்பவும் செய்து பாக்கிறாங்க."

"அந்த அமிலத்த எங்கால எடுக்கிற?"

"முதல்ல செய்தது மாட்டுப் பித்தத்தில இருந்து."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"யா அல்லாஹ்! ரெண்டு பேரும் குழி வெட்டி ஊத்தின சாமான்!" என்றார் முதலாளி.

நாங்கள் சிரித்த சிரிப்பில் டொக்டர் பிள்ளை மிரண்டுபோய், காரணம் சொன்ன பிறகு தானும் சிரித்தது. ஆனால் சொல்ல வேண்டியதைக் கண்டிப்பாகச் சொன்னது: குளிசையைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம், சீனியை நிறுத்த வேண்டும், சோற்றைக் குறைக்க வேண்டும், நடக்க வேண்டும், கிளினிக் தவறக்கூடாது.

அந்த வெள்ளிக்கிழமை முதலாளி கடைக்கு வந்தார். சனம் நிறைந்திருந்த நேரம். கத்தியைக் கீழே வைத்தார்.

"எனக்கு ஈரல் வருத்தம். குடிச்சு வந்ததில்ல, திண்டு வந்தது. தையற்காரனுக்கும் அப்படித்தான் வந்திரிக்கும். நான் அண்டைக்குக் கதைச்சது பிழை. விசாரிக்க வாற ஆக்கள் கேக் கொண்டு வராம வாங்க."

யாரும் சிரிக்கவில்லை. பிறகு நல்ல இறைச்சியாகப் பார்த்துத் தானே வெட்டிக் கட்டி, தையற்காரரின் தம்பி வீட்டுக்கு நடந்து போனார். அங்கே என்ன கதைத்தார் என்று நான் கேட்கவில்லை. பார்சல் திரும்பி வரவில்லை.

இப்போது கடை அவருடைய மகனிடம். நானும் வேலையை விட்டுவிட்டேன். முதலாளி அசர் தொழுதுவிட்டு எங்கள் ஒழுங்கையால் கடற்கரைக்கு நடந்து போவார். ஈரல் மேலும் இறுகவில்லை என்று கிளினிக்கில் சொல்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். இதை எழுதட்டுமா என்று கேட்டேன். "ஈரல எழுது, பேர எழுதாத. ஊருக்குத் தெரிஞ்சது காணும்" என்றார்.

வேலைக்கு வரும் பிள்ளைகளே, பித்தப்பையில் கத்தி படாமல் அறுங்கள். ஈரல் வருத்தம் வந்தவனைப் பார்த்து, குடித்தவன் என்று சொல்லாதீர்கள். உங்களுக்கே வந்தால் மறைக்காதீர்கள். நாற்பது வருடம் ஈரலோடு இருந்தவள் சொல்கிறேன்.

இந்தா மக, இதப் புடி. பேத்தியெண்டு ஒருத்தி இரிக்கிறது வாசிச்சுக் காட்டத்தானே. கேற்றத் திறந்து வை, அசர் முடிஞ்சு முதலாளி வாற நேரம். அவருக்குக் கேக்க முதல்ல இருந்து சத்தமா வாசி. தையற்காரர்ட இடம் வரக்குள்ள மட்டும் கொஞ்சம் மெதுவா.