இரத்தத்துக்குள் போகிற கிரீம்

மகள் பிறந்த பிறகு என் இரண்டு கன்னங்களிலும் மங்கு படர்ந்தது. வயல்களைப் பார்வையிடுவது என் உத்தியோகம். எங்கள் ஊர் வரிப்பத்தான்சேனையின் வெயிலில் அது இன்னும் கறுத்தது. தோல் டாக்டர் சன்ஸ்கிரீன் எழுதித் தந்தார். நானும் தவறாமல் பூசிவந்தேன்.

மகளுக்கு ஏழு மாதம் நடக்கும்போது, என் மூத்த சகோதரி ராத்தா வட்சப்பில் ஒரு செய்தியை அனுப்பினார். வெயிலைத் தடுக்க அந்தக் கிரீமில் சேர்க்கும் இரசாயனம் தோல் வழியாக இரத்தத்துக்குள் போகிறதாம், தாய்ப்பாலிலும் வருகிறதாம். அடுத்த நிமிடமே கூப்பிட்டு, பிள்ளைக்கு நஞ்சைக் கொடுக்காதே என்றும் சொல்லிவிட்டார். ராத்தாவுக்கு எதையும் மெதுவாகச் சொல்லத் தெரியாது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். டியூபின் பின்பக்கத்திலிருந்த, வாயில் நுழையாத பெயர்களெல்லாம் எனக்கு நஞ்சாகவே தெரிந்தன. கிரீமை எறிந்தேன். ஆனால் இரத்தத்தில் ஏற்கெனவே கலந்தது எப்போது போகும்? அன்றைக்கே தாய்ப்பாலையும் நிறுத்தி, மகளுக்குப் புட்டியைக் கொடுத்தேன். மார்பில் பால் கட்டி வலித்தது. பாலைப் பிழிந்து கைகழுவும் பேசினில் ஊற்றினேன். என் பிள்ளையின் சாப்பாட்டை நானே கொட்டுகிறேனே என்று மூன்று நாளும் அழுதேன்.

நான்காம் நாள் மகளையும் தூக்கிக்கொண்டு கல்முனைக்கு, அதே டாக்டரிடம் போனேன். செய்தி முழுப் பொய்யில்லை என்றார். சில இரசாயனங்கள் இரத்தத்தில் கலப்பது ஒரு சோதனையில் தெரிந்த உண்மை. கலப்பதாலேயே கெடுதி என்று யாரும் காட்டவில்லை, இன்னும் ஆராய்கிறார்கள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அந்தச் சோதனையில இருந்த ஆக்கள் உடம்பு முழுக்க, ஒரு நாளைக்குப் பல தரம் பூசினவங்க. நீங்க எங்க பூசுறீங்க, தங்கச்சி?"

உடம்பை மூடும் அபாயாவுக்கும் தலையை மூடும் ஸ்காபுக்கும் வெளியே என்னிடம் மிச்சமிருந்தது முகமும் இரண்டு புறங்கைகளும்தான். சொல்லும்போது எனக்கே சிரிப்பு வந்தது. அறுகம்பைக் கடலில் அரையுடுப்போடு குளிக்கிற வெள்ளைக்காரர்கள் படவேண்டிய பயத்தை நான் பட்டிருக்கிறேன்.

மார்பில் பூசாமல், பிள்ளையைத் தூக்குமுன் கையைக் கழுவினால் போதும் என்றார். அப்படியும் மனம் ஆறாவிட்டால் சிங்க் சேர்ந்த கிரீமை வாங்கலாம், அது பெரும்பாலும் தோலின் மேலேயே நிற்கும்.

"இப்ப புள்ளைக்குப் பாலக் குடுங்க. நான் வெளிய நிக்கிறன்."

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புட்டி பழகிவிட்டதோ என்று பயந்தேன். மறுபடி அணைத்தேன். திமிறினாள், அழுதாள், பிறகு இழுத்துக் குடிக்கத் தொடங்கினாள். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அவளோ, நான் மறுபடியும் பறித்துவிடுவேன் என்பதுபோல், என் அபாயாவை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி குடித்தாள்.