ஏகமனதாக

எங்கள் பேரூராட்சிக்கு இன்னும் பால்பல்கூட விழவில்லை. மூன்று ஊராட்சிகளைச் சேர்த்து அதை உண்டாக்கி நாலு வருடம்தான் ஆகிறது. பெயர்ப்பலகையில் பெயின்ட் வாசனை போவதற்குள் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று பிரிந்துகொண்டோம். மொத்தம் பதினைந்து உறுப்பினர்கள். அவர்கள் எட்டு, நாங்கள் ஏழு. ஏழு பேரில் வயதும் தொண்டையும் எனக்குத்தான் பெரிது என்பதால் என்னைத் தலைவர் ஆக்கினார்கள். பேரூராட்சியில் எதிர்க்கட்சித் தலைவர் என்று ஒரு பதவியே கிடையாது. தனி நாற்காலியும் கிடையாது. டீக்கடையில் மட்டும் "எதிர்க்கட்சித் தலைவருக்கு ஒரு ஸ்ட்ராங்" என்பார்கள். கேலி என்று தெரிந்தும் அது எனக்குப் பிடித்திருந்தது.

அப்பா காலம்வரை எங்கள் வீட்டில் மரவேலை. நான் அலுமினிய ஜன்னல் செய்கிறேன். கடையில் ஒரு நூல் பிசகினால்கூடக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டுகிற ஆள் நான். மன்றத்தில் அந்தப் புத்தி எங்கே போயிற்று என்று இப்போது யோசித்தால் அலுப்பாக இருக்கிறது.

எங்கள் எதிர்ப்புக்கு ஒரு முறை உண்டு. கூட்டத்துக்கு வந்ததும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவோம். அன்று தீர்மானத்துக்கு வரும் பொருள்களை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். பிடிக்காத பொருள் வந்தால் எழுந்து கத்துவோம். பிறகு வெளிநடப்பு. வாசலில் உள்ளூர் சேனல்காரர் கேமராவோடு நிற்பார். நான் பேசுவேன், மற்ற ஆறு பேர் பின்னால் நின்று தலையாட்டுவார்கள். அது முடிந்ததும் டீயும் வடையும். நான்கு வருடத்தில் எத்தனை தடவை வெளியே வந்திருப்போம் என்று எனக்கே நினைவில்லை. வெளியே வந்துவிட்டால் எதிர்த்துவிட்டோம் என்றுதான் ஏழு பேரும் மனதார நம்பினோம்.

அப்படித்தான் ஊருணி விஷயமும் வந்தது. எங்கள் பக்கம் குழாய்த் தண்ணீர் உப்பு. குடிக்கவும் சோறு பொங்கவும் ஊருணித் தண்ணீர்தான். மழை பெய்தால் மேட்டுச் செம்மண் காட்டிலிருந்து வரத்துக்கால் வழியாக ஓடிவந்து ஊருணி நிறையும். அந்த வரத்துக்காலை மூடி, அதன்மேல் கடைகள் கட்டலாம் என்று பேரூராட்சித் தலைவர் பொருள் கொண்டுவந்தார். என்னைவிட வயதில் சின்னவர், எப்போதும் மரியாதையாகத்தான் பேசுவார்.

"வரத்துக்காலை மூடிட்டா ஊருணிக்குத் தண்ணி எங்கிட்டிருந்து வரும்?" என்று கேட்டேன்.

"குழாய் போட்டு விட்டுக்கலாம்ணே. நீங்க உக்காருங்க" என்றார்.

உட்காரச் சொன்னதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. மேசையைத் தட்டினேன். ஏழு பேரும் எழுந்து வெளியே வந்தோம். அன்று கேமரா முன்னால் நான் பேசியதுபோல் அதற்கு முன்பு பேசியதில்லை. சாயங்காலத்துக்குள் அது ஊரில் எல்லார் போனிலும் ஓடியது. நானே நாலைந்து முறை போட்டுப் பார்த்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் பார்த்தேன்.

ஒரு மாதத்தில் அஸ்திவாரம் தோண்ட ஆரம்பித்தார்கள். நாச்சியாபுரத்தில் ஒரு பங்களாவுக்கு ஜன்னல் மாட்டிக்கொண்டிருந்தவன், பாதியில் போட்டுவிட்டு ஓடிவந்தேன். வழக்குப் போடுவதற்காகத் தீர்மான நகல் கேட்டுப் பேரூராட்சி அலுவலகம் போனேன். அங்கே எழுத்தராக இருக்கிற அம்மா தீர்மானப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். வருகை பதினைந்து பேர். கீழே, பொருள் மன்றத்தில் வைக்கப்பட்டு ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது என்று இருந்தது.

"ஏழு பேரு எதுத்துட்டுப் போயிருக்கோம். ஏகமனதுன்னு எப்படி எழுதுனீக?"

"கோவப்படாதீக. கை தூக்கச் சொன்னப்ப உள்ள இருந்தது எட்டுப் பேரு. எட்டுப் பேரும் தூக்குனாக. நீங்க எதுக்குறோம்னு ஒரு வரி எழுதிக் குடுத்தீகளா? வந்ததுக்கு மட்டும் கையெழுத்து இருக்கு. நான் வேற என்னன்னு எழுதட்டும்?"

காரைக்குடியில் நான் போய்ப் பார்த்த வக்கீலும் இதையேதான் சொன்னார், வழக்கு நிற்காது என்றார். கொஞ்சம் சிரித்துக்கொண்டே சொன்னார். கடைகள் எழும்பின; போடுவதாகச் சொன்ன குழாய் மட்டும் வரவில்லை.

ஐப்பசியில் நல்ல மழை. செம்மண் தண்ணீர் கடைச் சுவரில் முட்டி, திரும்பி, பள்ளத்துத் தெரு வீடுகளுக்குள் புகுந்தது. ஊருணியில் முழங்கால் அளவுகூடச் சேரவில்லை. தை பிறந்தபோது அடியில் சேறுதான் கிடந்தது.

அந்தத் தெரு ஆளுங்கட்சிப் பெண் உறுப்பினர் ஒருவருடைய வார்டு. தலைவர் எது சொன்னாலும் கை தூக்குவார் என்று அவரை நான் மேடையிலேயே கேலி செய்திருக்கிறேன். ஒருநாள் காலையில் ஊருணிப் படியில் இரண்டு காலிக் குடங்களோடு அவரைப் பார்த்தேன். வாய் சும்மா இருக்கவில்லை.

"என்ன தங்கச்சி, கை தூக்குனதுக்குத் தண்ணி கிடைச்சுச்சா?"

அவர் குடங்களைக் கீழே வைத்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். குரல் உயரவே இல்லை.

"அன்னைக்கு உங்க பக்கம் கை தூக்கத்தான் வந்தேண்ணே. கட்சியில இனி வச்சிருக்க மாட்டாக, பரவாயில்லைன்னு வீட்டுல சொல்லிட்டு வந்தேன். நீங்க ஏழு பேரும் விருட்டுனு எந்திரிச்சுப் போயிட்டீக. ஒத்தையில தூக்கி நான் என்ன செய்ய? எல்லாரும் என்னையவே பாத்தாக. அவுகளோட தூக்கிட்டேன்."

எங்கள் ஏழோடு அவர் ஒருவர் சேர்ந்திருந்தால் எட்டு. அவர்கள் பக்கம் ஏழு. இவ்வளவு சின்னக் கணக்குக்கு நான் அன்று உட்கார்ந்திருந்தால் போதும். மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"அதை விடுங்க. தண்ணி லாரி வந்து மூணு நாளாச்சு. நான் கேட்டா மதிக்க மாட்டேங்குறாக. நீங்க கேளுங்க" என்றார்.

அங்கே நின்றே தலைவருக்குப் போன் போட்டேன். நான்கு வருடத்தில் அவரிடம் நான் ஒன்றைக் கேட்டு நின்றது அதுதான் முதல் தடவை. லாரி அனுப்புவதாக உடனே ஒத்துக்கொண்டார். அந்தக் கடைகளால்தானே இந்த நிலைமை என்று இழுத்தேன்.

"அது எல்லாரும் ஒரே மனசா எடுத்த முடிவுதானேண்ணே" என்றார், அதே மரியாதையோடு.

காலிக் குடங்களுக்குப் பக்கத்தில் நின்று அந்தத் தங்கச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமா" என்று சொல்லிப் போனை வைத்தேன்.