ஒரு மணி அடித்தால் நிற்கிற கொயர்

கொயர் மாஸ்டர் வேலை என்பது அடுத்தவர் மூச்சை நம்பிப் பிழைக்கிற வேலை. உங்கள் சபையிலும் ஒரு பாடகர் குழு இருந்து, அதைக் கட்டி மேய்க்கிற பாக்கியம் உங்கள் தலையில் விழுந்திருந்தால் நான் சொல்வது புரியும். மற்றவர்கள் பெரிய மனது பண்ணிப் படிக்கவும்.

வாரநாளில் நான் பெங்களூருக்கு ரயிலில் போய்வருகிற சாதாரண குமாஸ்தா. சனி சாயந்தரமும் ஞாயிறு காலையும் தங்கவயலில், ஊரிகத்தில் இருக்கிற எங்கள் கோயிலில், ஏழு ஆண்களைக் கொண்ட கொயருக்கு மாஸ்டர். ஏழு பேரும் நந்திதுர்க் சுரங்கத்தில் கீழே இறங்கி வேலை பார்த்தவர்கள். நெஞ்சில் கல் தூசி. நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவார்கள். ஆர்மோனியமும் கெட்டுப்போய் வெகுநாள் ஆகிறது, அதனால் வெறும் வாய்ப்பாட்டுதான். இந்த வருஷம் அந்தக் கொயரையே நிறுத்திவிடலாம் என்று பேச்சு வந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் முதலிலிருந்து சொல்லாவிட்டால் என் பாடு உங்களுக்கு விளங்காது.

முதல் தட்டு

பதினெட்டு வருஷத்துக்கு முன், நான் பொறுப்பேற்ற முதல் ஞாயிறு. இரண்டாவது சரணத்தில் பாட்டு இழுக்க ஆரம்பித்தது. கொஞ்சம் முடுக்கலாம் என்று பென்சிலால் ஸ்டாண்டில் ‘டொக்’ என்று ஒரு தட்டு தட்டினேன். ஏழு பேரும் அதே இடத்தில் நின்றுவிட்டார்கள். வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் வரவில்லை. சபை என்னைப் பார்த்தது, நான் பாஸ்டர் ஐயாவைப் பார்த்தேன். அவர் “ஜெபிப்போம்” என்று சொல்லிக் காப்பாற்றினார்.

ஆராதனை முடிந்ததும் கொயரில் மூத்தவரான சாமுவேல் அண்ணனிடம் காரணம் கேட்டேன். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றுகிற கூண்டுக்கு ‘கேஜ்’ என்று பெயர். அது மணிக்குத்தான் கட்டுப்படும். அண்ணன் பொறுமையாகச் சொன்னார்: “கேஜ் ஓடிக்கினு கீறப்ப ஒரு மணி அடிச்சா நிக்கணும். மூணு மணி அடிச்சா ஆளுங்க ஏறிக்கினு கிளம்பணும். இதுகூட தெரியாம உங்களை இன்னாத்துக்கு மாஸ்டர் வெச்சாங்க?”

ரிலீவர்

அன்றிலிருந்து மூன்று தட்டு தட்டிப் பாட்டை ஆரம்பித்துவிட்டு, பென்சிலைச் சட்டைப்பையில் போட்டுவிடுவேன். அடுத்த தலைவலி மூச்சு. முழு வரியை ஒரே மூச்சில் பாட ஏழு பேரில் ஒருவருக்கும் தெம்பு கிடையாது. எல்லாரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்க, பாட்டு அங்கங்கே அறுந்துபோனது. இதற்கு வழி சொன்னதும் சாமுவேல் அண்ணன்தான்: ஷிப்ட். ஒரு வரியில் இரண்டு பேர் முதலில் மூச்சு வாங்குவார்கள், அடுத்த இரண்டு பேர் நடுவில், மீதி மூன்று பேர் கடைசியில். எங்கேயோ படித்துவிட்டு வந்து நான் சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஒரு ஞாயிறு, நடுவில் மூச்சு வாங்க வேண்டிய தேவராஜ் வாங்கவே இல்லை. முகம் கறுத்து, கண் பிதுங்கி, விடாமல் பாடிக்கொண்டிருந்தார். முதல் ஷிப்ட்டுக்காரர் ஒருவர் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. பாட்டு முடிந்ததும் தேவராஜுக்குத் தண்ணீர் கொடுத்து, “ஏன் இப்படிப் பண்ணீங்க?” என்று திட்டினேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “மாத்திவுட ரிலீவர் வராம எடத்தை விட்டு எப்படிங்க போறது?”

டிபார்ட்மென்ட்

எங்கள் சபை பாடாது. ஆளுக்கொரு பாட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கொயர் பாடுவதைக் கேட்கும். நன்றாக இருந்தால் தலையாட்டும். ஒருநாள் அறிவிப்பு நேரத்தில் நானே எழுந்து, கொயருக்கு மூச்சு கம்மி, கூடச் சேர்ந்து பாடுங்கள் என்று கெஞ்சினேன். பெண்கள் பக்கம் முதல் பெஞ்சில் சாமுவேல் அண்ணனுடைய மனைவி எஸ்தர் அக்கா உட்கார்ந்திருந்தார். சபை முழுவதற்கும் அவரே பதில் சொன்னார். “நாங்க கேக்கறோம் இல்ல? பாடறது உங்க டிபார்ட்மென்ட் மாஸ்டர்.”

ஊதச் சொன்ன டாக்டர்

போன வருஷம் சாமுவேல் அண்ணனுக்கு இளைப்பு அதிகமாகி, நானும் எஸ்தர் அக்காவும் டாக்டரிடம் கூட்டிப்போனோம். மூச்சை அளக்கிற ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார்கள். அண்ணன் ஊதினார். முள் அசைந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. டாக்டருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது, இனிமேல் பாடக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

“டாக்டர், நான் பாடறதை நிறுத்தினா...” என்று ஆரம்பித்த அண்ணனுக்கு அங்கேயே மூச்சு தீர்ந்தது. அந்த வீட்டில் வெகுநாளாக அப்படித்தான். பேச்சை அவர் தொடங்குவார், நின்ற இடத்தில் அக்கா எடுத்து முடிப்பார். அக்கா கைப்பையில் மருந்துச் சீட்டைத் தேடிக்கொண்டே, தலை நிமிராமல் முடித்தார்: “வூட்ல குந்திக்கினு என்கூட பேசணும், அதுக்கு இன்னும் மூச்சு வேணும்னு சொல்றாரு.”

விருந்தாளிப் பிரசங்கியார்

பெங்களூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்தார். மனிதனுடைய பலவீனத்தில்தான் தேவனுடைய பலம் முழுசாகத் தெரியும் என்கிற வசனத்தை எடுத்துக்கொண்டு ஒன்றேகால் மணி நேரம் பேசினார். மைக் தேவைப்படவில்லை.

எனக்கு அந்த வசனத்தோடு கொஞ்சம் மனஸ்தாபம் உண்டு. பதினெட்டு வருஷமாக நான் முழங்காலில் நின்று கேட்டது ஒன்றே ஒன்று: ஆண்டவரே, இந்த ஏழு பேருக்கும் இன்னும் அரை வரிக்கு மூச்சு கொடும். அரை வரிதான். வருஷத்துக்கு வருஷம் குறைந்ததே தவிர ஏறவில்லை. வாசலில் சாமுவேல் அண்ணனிடம் செய்தி எப்படி என்று கேட்டேன். “நல்லாதான் பேசினாரு. ஆனா அவருக்கு மூச்சு நல்லா கீது மாஸ்டர்.”

பென் டிரைவ்

சபைச் செயலர் ஜான்சன் சின்ன வயசுக்காரர், என்னோடு ஒரே ரயிலில் வேலைக்குப் போகிறவர். இந்த வருஷ ஆரம்பத்தில், கம்பார்ட்மென்டில் என் பக்கத்தில் நின்றுகொண்டு விஷயத்தைச் சொன்னார். பெரிய வெள்ளி ஆராதனையில் கொயர் பாடட்டும். அதில் பாட்டு அறுந்துபோனால், ஈஸ்டரிலிருந்து பென் டிரைவில் ட்ராக், அதாவது பதிவு பண்ணின பாட்டு. கமிட்டி முடிவு. எனக்குக் கோபம் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. “அவங்க பாடுறப்ப யாருக்கு என்ன ஆகுமோன்னு பயமா இருக்கு மாஸ்டர்” என்றார்.

சனிக்கிழமை ஏழு பேரிடமும் சொன்னேன். யாரும் சண்டை போடவில்லை, போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எஸ்தர் அக்கா அன்று வராததால், சாமுவேல் அண்ணன் சொன்னதை முடித்துவைக்க ஆள் இல்லை. “மைனை மூடினாங்க, கோயிலுக்கு வந்தோம். இதையும் மூடிட்டா...”

பெரிய வெள்ளி

நடுப்பகல் ஆராதனை. ஏழு வெள்ளைச் சட்டைகள், டாக்டர் பேச்சைக் கேட்காத சாமுவேல் அண்ணனுடையதும் சேர்த்து. ஆறு சரணப் பாட்டு. மூன்று தட்டு தட்டினேன், கிளம்பினார்கள். முதல் மூன்று சரணம் ஷிப்ட் பிசகாமல் போனது. நாலாவதில் சாமுவேல் அண்ணனின் கழுத்து நரம்பு புடைத்தது, உதடு நிறம் மாறியது. பாட்டு இழுத்தது. சீக்கிரம் முடித்துவிட்டால் போதும் என்று எனக்கு ஒரே பதற்றம். பென்சில் எப்போது கைக்கு வந்தது என்று சத்தியமாகத் தெரியாது. டொக். ஒரே ஒரு தட்டு.

ஏழு பேரும் நின்றார்கள். வரி பாதியில் தொங்கியது. மூடிவிட்டேன், என் கையாலேயே மூடிவிட்டேன் என்று நினைத்தேன். அப்போது பெண்கள் பக்கம் முதல் பெஞ்சிலிருந்து ஒரு குரல், விட்ட இடத்திலிருந்து வரியை எடுத்துப் பாடியது. சுருதி சேரவில்லை. எஸ்தர் அக்கா. புத்தகத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. டாக்டரிடம் பேசின அதே சாவகாசத்தோடு வரியை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனார். பக்கத்தில் இரண்டு பேர் சேர்ந்தார்கள், பிறகு அந்தப் பெஞ்சு, பிறகு ஆண்கள் பக்கம். ஐந்தாவது சரணத்தைக் கோயிலே பாடியது. ஜான்சன் பாடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஏழு பேரும் உட்கார்ந்து நிதானமாக மூச்சு வாங்கினார்கள். ஆறாவது ஆரம்பிக்கும்போது சாமுவேல் அண்ணன் விரல் முட்டியால் பெஞ்சில் மூன்று தட்டு தட்டினார். ஏழு பேரும் எழுந்து சேர்ந்துகொண்டார்கள். நான் அழுதேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

வாசலில் எஸ்தர் அக்காவிடம், “பாடறது எங்க டிபார்ட்மென்ட் ஆச்சே அக்கா?” என்று கேட்டேன். “அவர் பாதியில நிறுத்தினா முடிக்கறது என் வேலைதானே மாஸ்டர்” என்று சொல்லிவிட்டு அண்ணனை ஆட்டோவில் ஏற்றப் போய்விட்டார். பென் டிரைவைப் பைக்குள் போட்டுக்கொண்டே ஜான்சன் என்னிடம் வந்தார். “ஈஸ்டருக்கும் நாலாவது சரணத்துல ஒரு மணி அடிச்சுடுங்க மாஸ்டர். ட்ராக் நின்னா யாரும் எடுத்துப் பாட மாட்டாங்க.”

ஏழு பேருக்கு அரை வரி மூச்சு கேட்டேன், கிடைக்கவில்லை, கேட்காத சபைக்கு இரண்டு சரணத்துக்குக் கிடைத்தது, இதெல்லாம் மேலே எந்த டிபார்ட்மென்டில் முடிவாகிறது என்று விசாரிப்பதை நான் விட்டுவிட்டேன்.