கோலை விழுங்கிய ரேடியோ

"இந்த ரேடியோ கோலை விழுங்குதுலா!"

காஜா பெராங்கில் நான் வேலை பார்த்த ரேடியோ ரிப்பேர் கடைக்குள் கிராணி மாணிக்கம் இப்படிச் சொல்லிக்கொண்டேதான் நுழைந்தார். மெர்டேக்காவுக்கு, அதாவது நாட்டின் சுதந்திரத்துக்கு, சில மாதங்கள் இருந்த நேரம். அவருக்கு அரசாங்க ஆபீசில் குமாஸ்தா வேலை, உஜோங் பாசிரில் வீடு. ரேடியோவைப் பழைய சேலையில் சுற்றி, சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்திருந்தார்.

"பந்து கோல்கிட்ட போகுது, போகுதுங்கிறான். அப்புறம் ஹோன்னு ஒரே இரைச்சல். பேச்சு திரும்ப வரும்போது பந்து நடு பாடாங்ல நிக்குது. யார் அடிச்சான்னே தெரியல!"

பெட்டிக்குள் இருக்கும் கண்ணாடி வால்வைச் சந்தேகப்பட்டு மாற்றினேன். ரிப்பேர் முடிந்த பெட்டியை இரண்டு மணி நேரம் ஓடவிட்டுத்தான் கொடுப்பது எங்கள் கடை வழக்கம். பாட்டு, செய்தி எல்லாம் சுத்தமாகக் கேட்டன. கொடுத்தேன். அடுத்த ஆட்டம் முடிந்த மறுநாளே பெட்டி திரும்பி வந்தது. ஸ்பீக்கர் கம்பியைப் புதிதாகப் பற்றவைத்தேன். மூன்றாம் முறையும் வந்தது.

முதலாளி வேலுசாமி கிராணிக்கு எதிரிலேயே சொன்னார்: "தம்பி, நாலாவது தடவை இது இங்க வந்துச்சுன்னா நீ வேற கடை பாத்துக்க."

பிள்ளைகளே, எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் கல்யாணமாகி அப்போது நான்கு மாதம்தான். வேறு தொழிலும் தெரியாது. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் பாட்டுக்குப் பாடுகிற பெட்டி பந்துக்கு மட்டும் ஏன் மக்கர் செய்கிறது என்று அறியும் ஆசை பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

ஆட்டம் நடக்கும்போதே கேட்டால்தான் தெரியும். ஆனால் ஆட்டம் நடந்தால்தானே! சனிக்கிழமை மழை. புதன்கிழமை அணிவகுப்புப் பயிற்சிக்குப் பாடாங் திடலை எடுத்துக்கொண்டார்கள்.

"எப்ப வைக்கிறதுன்னு அவனுங்களுக்கே தெரியலலா," என்று கிராணி தினமும் வந்து திட்டிவிட்டுப் போனார்.

ஒருவழியாகச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வைத்தார்கள். அவர் ரேடியோவுக்குப் பக்கத்தில் கடையின் சொந்த ரேடியோவையும் வைத்து, இரண்டிலும் ஒரே ஸ்டேஷனைத் திருப்பினேன். வர்ணனையாளர் மலாயில் பேசினார். பெரிய மனிதர்கள் யார் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"அடே, பந்து எங்கடா?" என்று கிராணி பெட்டியைப் பார்த்து அதட்டினார்.

பந்து கோலை நெருங்கியது. வர்ணனையாளர் குரல் ஏறியது. உடனே ஹோவென்று இரைச்சல். பேச்சு நின்றுபோனது, இரண்டு பெட்டியிலும்!

முதலாளி குனிந்து இரண்டிலும் காதை வைத்தார். கூட்டத்தின் இரைச்சலுக்குள் நாற்காலி நகரும் சத்தம். எங்கோ தள்ளி அதே மனிதர் "கோல்! கோல்!" என்று கத்துகிறார். மைக்கை விட்டு எழுந்து ஓடிவிட்டார்! திரும்பி வந்து மூச்சு வாங்க, "பந்து இப்போது நடுவில் இருக்கிறது," என்றார்.

கிராணி பெட்டியைத் தட்டிக்கொடுத்தார். "பாவம்லா. அவனும் நம்மள மாதிரி பந்துப் பைத்தியம்," என்றார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "அப்ப நீ கழட்டுன வால்வு?"

"அது நல்ல வால்வுதாங்க, மொதலாளி."

"நல்லா இருந்ததையா கழட்டுன? சரி, இனிமே கேட்டுட்டு கழட்டு. நாளைக்கு நேரத்தோட வந்துடு."

பிறகு முப்பது வருஷம் இதே தொழில்தான் பார்த்தேன். யார் என்ன குறை சொன்னாலும், இன்னொரு பெட்டியைப் பக்கத்தில் வைத்துக் கேட்காமல் திறந்ததில்லை. ஆரம்பத்திலேயே அப்படிக் கேட்டிருந்தால் ஒரே சாயங்காலத்தில் முடிந்திருக்கும். முதலில் ஸ்க்ரூடிரைவரை எடுத்ததால் ஒரு மாதம் ஆனது.